சின்னக் காயம்தான் ஸார்!

கையில் வெட்டுப்பட்டால் நம் ஆள் முதலில் ஓடுவது எங்கே? ஆஸ்பத்திரிக்கு என்று நினைத்தால் உங்களுக்கு நம்மைப் பற்றித் தெரியாது. சமையலறைக்கு! கத்தி பட்டால் காபித்தூள். சுட்டுக்கொண்டால் இட்லி மாவு. மாவு தீர்ந்துபோன வீடாக இருந்தால் டூத் பேஸ்ட். நகச்சுத்தி வந்தால் எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போக வேண்டியது. நாய் கடித்தால் இருக்கவே இருக்கிறது மிளகாய்த்தூள். ஒரு குடும்பத்தின் காயங்களை எல்லாம் வரிசையாக எழுதினால் ஓட்டல் மெனு கார்டு ஒன்று தேறிவிடும்.

அதற்கும் ஆறாவிட்டால் மெடிக்கல் ஷாப். "அண்ணே, புண்ணு ஆற ஏதாவது குடுங்க" என்றால், கலர் கலராக நாலு மாத்திரை ஒரு காகிதக் கவரில் வரும். அதுவும் பலிக்கவில்லையா? ஆபீஸில் கொடுத்த இன்ஷூரன்ஸ் கார்டை எடுத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கிற பெரிய ஆஸ்பத்திரி.

இந்த மூன்றுக்கும் நடுவில் நாலாவதாக ஓர் இடம் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து பொடிநடையாகப் போகிற தூரத்தில்தான் இருக்கும். போர்டில் 'நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம்' என்று நீளமாக எழுதியிருக்கும். எங்கள் சென்னைப் பேட்டையில் வயசானவர்களுக்கு அது இன்னமும் 'கார்ப்பரேஷன் டிஸ்பென்சரி'. பிள்ளைத்தாய்ச்சிகளும் சொட்டு மருந்துக் குழந்தைகளும் போகிற இடம் என்று முடிவுகட்டி, பேண்ட் போட்ட நாமெல்லாம் பைக்கில் விர்ரென்று தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம்.

மழைத்தண்ணீருக்கு அடியில் பதுங்கியிருந்த ஒரு பள்ளத்தின் புண்ணியத்தில், மூன்று வாரத்தில் ஒன்பது காலைகள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. முழங்காலிலும் உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். விழுந்த அன்று ஆபீஸ் நண்பர் கூட்டிப்போன ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முழங்காலைப் பார்ப்பதற்கு முன் பாலிசி நம்பரைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, "எதுக்கும் ஒரு நாள் அப்சர்வேஷன்ல இருங்க" என்றார்கள். அப்சர்வேஷனில் இருக்க வேண்டியது என் பர்ஸ் என்று தோன்றியதால் நொண்டிக்கொண்டே வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணி. ஓ.பி. சீட்டு இலவசம். மர பெஞ்ச். எதிரே 'கட்டுக் கட்டும் அறை'. அறைக்குள் ஒரு சிஸ்டர், ஒரு தட்டு, ஒரு டிரம், பெட்டாடின் பாட்டில்கள். அறைக்கு வெளியே அந்தப் பேட்டையின் மொத்த விழுப்புண்களும்!

எனக்கு முன்னால் இட்லிக்கடை அம்மா. தேங்காய் உடைக்கும்போது அரிவாள் நழுவிக் கட்டைவிரல் பிளந்திருக்கிறது. விரல் தெரியவில்லை. காபித்தூள் ஒரு குன்று மாதிரி அப்பியிருந்தது. சிஸ்டர் பார்த்தார்.

"ஏம்மா, இதுல நான் கட்டுப் போடணுமா, டிகாக்‌ஷன் எறக்கணுமா?"

பெஞ்சே சிரித்தது. ஆனால் சிஸ்டர் சிரிக்கவில்லை. அந்தத் தூளைத் துகள் துகளாகக் கழுவி எடுக்க அவருக்கு இருபது நிமிஷம் பிடித்தது. தையல் போட அஞ்சு நிமிஷம். "வெறும் துணிய வச்சு அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வந்திருந்தா இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்ப" என்றார். ரத்தத்தை நிறுத்துவது தூள் இல்லை, அழுத்தம்தான். சும்மா அழுத்தக் கூடாதா என்றால், கையைச் சும்மா வைத்திருக்க நமக்கு எங்கே தெரிகிறது!

இட்லி மாவு விஷயம் இன்னும் தமாஷ். மாவு பொங்குவதே அதில் குடித்தனம் நடத்தும் நுண்ணுயிர்களால்தான். அந்தக் குடித்தனத்தை அப்படியே கொண்டுபோய்ச் சுட்ட புண்ணில் குடிவைக்கிறோம். சூடு பட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான். குழாயைத் திறந்து இருபது நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் காட்ட வேண்டும். ஐஸ் வேண்டாம், மை வேண்டாம், பேஸ்ட் வேண்டாம். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் இருபது நிமிஷத் தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். ஒரு பக்கெட்டும் சொம்பும் வைத்துத் திரும்பத் திரும்ப ஊற்றலாம்.

என் முறை வந்தது. சின்ன வயசில் டிஞ்சர் போட்டு அலறிய ஞாபகத்தில் பல்லைக் கடித்துக்கொண்டேன். எரியவே இல்லை! உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்றால் கழுவினார், மருந்து வைத்தார், மூடினார். எனக்கு ஒரு சந்தேகம்.

"சிஸ்டர், வீட்டுல போய்க் கட்டப் பிரிச்சுக் கொஞ்சம் காத்தாட விடலாமா?"

"காத்தாடக் காயவிட அது என்ன தம்பி, வடகமா?"

வாயை மூடிக்கொண்டேன். ஆனாலும் மனசு ஆறாமல் வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். சிஸ்டர் சொன்னது சரிதான். 1962-லேயே ஜார்ஜ் விண்டர் என்கிற ஆராய்ச்சியாளர் பன்றிகளின் தோலில் சோதனை செய்து, திறந்து காயவிட்ட காயத்தைவிட ஈரப்பதத்தோடு மூடி வைத்த காயத்தில் புதுத்தோல் சீக்கிரம் படர்கிறது என்று காட்டிவிட்டார். அறுபது வருஷத்துக்கு மேலாகியும் இந்தச் செய்தி எங்கள் பாட்டிகளுக்கு வந்து சேரவில்லை. பன்றி சொன்னால் கேட்க மாட்டோம் என்று இருக்கிறோம் போலிருக்கிறது.

பெஞ்சில் நடக்கும் பத்திய மாநாடு தனி ரகம். "கத்தரிக்கா தொடாதீங்க, புண்ணு ஆறாது" என்றார் ஆட்டோ டிரைவர். "கருவாடு கூடாது" என்றார் பூக்காரம்மா. "முட்டை சீழ் வைக்கும்" என்று மூன்றாவது குரல். இப்படியே போனால் சாப்பிட மிச்சம் இருப்பது ஓ.பி. சீட்டு மட்டும்தான் என்ற நிலையில் டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "முட்டை, பருப்பு எல்லாம் நல்லா சாப்பிடுங்க. தோல் வளர்றதுக்குப் புரதம் வேணும். பட்டினி கிடந்தா எதை வச்சு வளரும்?" என்று ஒரே போடாகப் போட்டார். ஆட்டோக்காரர் என் காதில், "அவங்க படிச்சது அப்படி. நீ கத்தரிக்காய மட்டும் விட்டுடு" என்றார்.

அப்புறம், ஊசி. நம் ஊரில் எந்தக் காயத்துக்கும் குசலம் விசாரிக்கிற முறை, "டி.டி. போட்டாச்சா?" பஸ் கம்பியில் லேசாக உரசினாலும் டி.டி., போன மாசம் போட்டிருந்தாலும் இந்த மாசம் டி.டி.! டாக்டரம்மா என்னிடம் கேட்ட கேள்வி வேறு: "கடைசியா எப்பப் போட்டீங்க?" சின்ன வயசுத் தடுப்பூசிகளை முழுசாகப் போட்டவர்களுக்கு, சுத்தமான சின்னக் காயம் என்றால் பத்து வருஷத்துக்குள் போட்டிருந்தாலே போதுமாம். மண், சாணி பட்ட அழுக்குக் காயமாக இருந்தால் ஐந்து வருஷம். வில்லன் துரு இல்லை. மண்ணிலும் சாணத்திலும் தூங்கிக் கொண்டிருக்கிற கிருமி. ஆணி பளபளவென்று இருந்தாலும் மண்ணில் கிடந்தது என்றால் ஆபத்துதான். இப்போது டி.டி.க்குப் பதில் தொண்டை அடைப்பான் நோய்க்கும் சேர்த்து வேறு ஊசி வந்துவிட்டது. பெஞ்சில் மட்டும் இன்னமும் அதற்குப் பெயர் டி.டி.தான்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். ஐந்தாவது நாள் காலை நடந்ததைச் சிரிக்காமல் எழுத வேண்டியிருக்கிறது.

ஒன்பதரை மணி இருக்கும். கடை ஷட்டர் தலையில் இறங்கிய ஒருவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகமெல்லாம் ரத்தம். சட்டை சிவப்பு. கூட வந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழ, மொத்தப் பெஞ்சும் எழுந்து வழிவிட்டது. அவருக்கு முன்னால் ஒரு சாப்பாட்டு டெலிவரிப் பையன் உட்கார்ந்திருந்தான். இருபது, இருபத்திரண்டு வயசு. பைக் சறுக்கி முழங்கையில் சிராய்ப்பு. நல்ல பிள்ளையாக எழுந்து, "அவரை மொதல்ல பாருங்க" என்று ஒதுங்கிக்கொண்டான்.

டாக்டரம்மா வெளியே வந்தார். ரத்தக்காரரை ஒரு பார்வை பார்த்தார். "சிஸ்டர், அழுத்திப் பிடிங்க. மூணு தையல் வரும்" என்று சொல்லிவிட்டு நேராக அந்தப் பையனிடம் போனார்! எங்களுக்கெல்லாம் ஆத்திரம். "என்ன டாக்டர் இவங்க..." என்று ஒருவர் ஆரம்பித்தேவிட்டார்.

"ஹெல்மெட் போட்டிருந்தியா?"

"பெட்ரோல் டேங்க் மேல இருந்துச்சு மேடம்."

"வாந்தி எடுத்தியா?"

"காலைல டீ குடிச்சது ஒத்துக்கல மேடம். ரெண்டு தடவை." பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, என் பேகு எங்க?" என்றான். பேக் அவன் மடியில் இருந்தது. சொன்னேன். அரை நிமிஷம் கழித்து மறுபடியும், "அண்ணே, என் பேகு எங்க?"

டாக்டரம்மா கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். அடுத்த நிமிஷம் 108-க்கு போன். வண்டி வந்து அவனை ஏற்றும்போது மூன்றாவது தடவையாகப் பேகைக் கேட்டான். அதற்குள் ஷட்டர்காரர் மூன்று தையலோடு உட்கார்ந்து டீ குடித்துக் கொண்டிருந்தார்.

தலைத் தோலில் ரத்தக் குழாய்கள் அதிகம். அதனால் சின்ன வெட்டுக்கே பெரிய ஆர்ப்பாட்டம் நடக்கும். மண்டைக்குள் கசிகிற ரத்தத்துக்கு ஆர்ப்பாட்டம் தெரியாது. அடிபட்டவன் முதலில் நன்றாகத்தான் பேசிக் கொண்டிருப்பான். வாந்தி, திரும்பத் திரும்ப ஒரே கேள்வி, தூக்கக் கலக்கம் என்று ஒவ்வொன்றாக வரும். 'கொஞ்சம் தூங்கி எழுந்தா சரியாயிடும்' என்று ரூமில் படுக்க வைத்துவிட்டு நண்பர்கள் டூட்டிக்குப் போயிருந்தால்? இரண்டு நாள் கழித்து டாக்டரம்மாவிடம் கேட்டேன். அன்று சாயங்காலமே மண்டையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்துவிட்டார்களாம். பையன் கண் முழித்துவிட்டான். காசு? 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, குறிப்பிட்ட வரம்பு வரை, அரசு செலவு. பைக் ஓட்டுகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆத்திரப்பட்ட அந்த ஒருவர் மறுநாள் டாக்டரம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். அவர் கவனிக்காமல் போய்விட்டார். கையில் அறுபது சீட்டு.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏ.டி.எம். வாசலில் ராத்திரி டூட்டி பார்க்கும் செக்யூரிட்டி ஐயா. அறுபது தாண்டியவர். யூனிஃபார்மோடு வந்திருந்தார். "ஷூ கடிச்சிருக்குமா, ஒரு பிளாஸ்திரி போட்டு விடு. வீட்டுக்குப் போய்த் தூங்கணும்" என்று சிஸ்டரிடம் கேட்டார். சாக்ஸைக் கழற்றினார். ஈரமாக இருந்தது. வாடை வந்தது. சிஸ்டர் எதுவும் பேசாமல் அவர் ஷூவை எடுத்துத் தலைகீழாக உதறினார். டிங் என்று தரையில் விழுந்தது, நோட்டீஸ் போர்டில் குத்துகிற குண்டூசி!

எத்தனை ராத்திரி அதன் மேல் நின்றாரோ. பதினொரு வருஷ சர்க்கரை. காலில் உணர்ச்சி போயிருக்கிறது. மாத்திரை? 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கிறார்கள். அவர்கள் வருவது பகலில். பகலில் ஐயா தூங்குவார். கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

டாக்டரம்மா பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். ஐயாவுக்குப் பிடிக்கவில்லை.

"வலிக்கவே இல்லையேம்மா. எதுக்குப் பெரியாஸ்பத்திரி?"

"வலிக்கலைங்கறதாலதான் ஐயா."

அவர் போகாமல் உட்கார்ந்தே இருந்தார். லீவு போட்டால் அன்றைய சம்பளம் போய்விடும், அதுதான் கணக்கு. சிஸ்டர் அவர் சூப்பர்வைசர் நம்பரை வாங்கி, போனில் ஒரு பிடி பிடித்தார். அந்தப் பேச்சை இங்கே அச்சில் போட முடியாது. எட்டாவது நாள் நான் போனபோது ஐயா வந்திருந்தார், கட்டுப் பிரிக்க. சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். "கால் தப்பிச்சுது தம்பி" என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். புது ஷூ. போட்டுக்கொள்ளும் முன் உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்துக்கொண்டார்.

குறையே இல்லாத இடமா என்றால், இல்லை. எக்ஸ்ரே கிடையாது, எலும்பு முறிந்தால் வேறு இடம்தான். வரிசை நகர நேரமாகும். ஃபேன் ஒன்று சுற்றாது, அதற்குக் கீழே உள்ள பெஞ்ச் எப்போதும் காலி. ஞாயிற்றுக்கிழமை காயம்பட்டுத் தொலைக்கக் கூடாது. ஒரே சிஸ்டர் ஊசியும் போட்டு, கட்டும் போட்டு, நோட்டிலும் எழுதிக் கொண்டிருந்தால் முகத்தில் சிரிப்பு எங்கிருந்து வரும்? சிலரிடம் எரிந்து விழவும் செய்தார். எனக்கென்னவோ, காலைத் தூக்கிக் காட்டியவுடன் பாலிசி நம்பர் கேட்காத எரிச்சல் எவ்வளவோ தேவலை என்று பட்டது.

கடைசியாக, நம்மைப் போன்ற ஒரு ஆபீஸ் ஆசாமி. சாஃப்ட்வேர் கம்பெனி. கழுத்தில் அடையாள அட்டை. திங்கட்கிழமை காலை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர் கெண்டைக்காலை மறைத்து மறைத்து வைத்துக்கொண்டார். கேட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும்போது தெருநாய். இரண்டு பல் தடம். ரத்தம் வந்திருக்கிறது. மூன்று நாளாக யாரிடமும் சொல்லவில்லை.

"ஏன் ஸார்?"

குரலைத் தாழ்த்தினார். "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசியாமே?"

நம் தாத்தா காலத்துப் பயம்! அது பொய்யும் இல்லை. ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரித்த மருந்தை வயிற்றில் நாள் தவறாமல் குத்திக் கொண்டிருந்தார்கள். இந்தியாவில் அதை 2004-லேயே நிறுத்தியாயிற்று. ஊசி போய் இருபது வருஷத்துக்கு மேலாகியும் பயம் மட்டும் போகவில்லை. 1885-ல் பாரிஸில் லூயி பாஸ்டர் ஒன்பது வயசுப் பையனுக்கு முதல் ஊசி போட்டுக் காப்பாற்றினார். 1907-ல் நம் குன்னூரிலேயே அவர் பெயரில் நிலையம் வந்தது. இன்று இத்தனை வசதி பக்கத்துத் தெருவரைக்கும் வந்த பிறகு, ஒரு எம்.சி.ஏ. படித்தவர் தொப்புளை நினைத்து மூன்று நாள் வீட்டில் ஒளிந்திருக்கிறார்!

டாக்டரம்மா திட்டவில்லை. "கடிச்ச உடனே சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணில பதினஞ்சு நிமிஷம் கழுவினீங்களா?"

"மிளகாத்தூள் வச்சேன் மேடம்."

சிஸ்டர் மேலே கூரையைப் பார்த்தார். காபித்தூளுக்கு அடுத்த கட்டம்.

கழுவினார்கள். இரண்டு தோளிலும் தோலுக்கடியில் சிட்டிகை சிட்டிகையாக ஊசி. இன்று ஒன்று, 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள். அவ்வளவுதான், இலவசம். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றிப் போடுகிற இன்னொரு மருந்துக்கு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு. "லேட்டாயிடுச்சா மேடம்?" என்று கேட்டபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "நோய் வந்துட்டாதான் லேட்டு. வந்துட்டா யாராலயும் அனேகமா ஒண்ணும் செய்ய முடியாது. அதனாலதான் எப்ப வந்தாலும் உடனே போடறோம். இன்னைக்கு வந்துட்டீங்கள்ல?" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து மேனேஜருக்கு போன் போட்டார். நமக்குக் கேட்டது ஒரு பக்கம்தான். "ஸார், நாய் கடிச்சிருச்சு ஸார்... இல்ல ஸார், தெருநாய்... இல்ல ஸார், லேப்டாப்புக்கு ஒண்ணும் ஆகல..."

சிஸ்டர் அவருடைய அட்டையில் நாலு தேதியையும் எழுதினார். நாலாவதை மட்டும் பெரிதாக எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டார். "இந்த நாளைக்குத்தான் எல்லாரும் டிமிக்கி குடுக்கறாங்க. புண்ணு ஆறிடும், மறந்துடுவாங்க. நீங்க வரலைன்னா நான் உங்க ஆபீஸுக்கு வந்துடுவேன்."

செக்யூரிட்டி ஐயாவின் சூப்பர்வைசருக்கு விழுந்த அர்ச்சனையை நேரில் கேட்டவன் என்ற முறையில், "செய்வாங்க ஸார்" என்றேன். நம்பர் வாங்கிக் கொண்டார்.

28-ம் நாளும் திங்கட்கிழமைதான். காலை பத்து மணிக்கு என் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. இரண்டு தோள், இரண்டு பஞ்சு. கீழே ஒரே வரி: 'மேனேஜருக்கும் அனுப்பிட்டேன்.'